ஈரம் காயாத குளியலறைக்கு எந்தக் கிரௌட்? இரண்டு ஆண்டு பயன்படுத்திய பின் ஒரு மதிப்புரை

குழித்துறைக்கு அருகில் இருக்கும் எங்கள் வீட்டில், எழுபத்தெட்டு வயதான என் அம்மாவுக்காகக் கீழ்த்தளத்தில் ஒரு குளியலறை கட்டினோம். முழங்கால் வலியால் அம்மாவுக்குக் காலைத் தூக்கி வைப்பது கடினம். ஆகவே வாசலில் படியும் இல்லை. குளிக்கும் இடத்தைப் பிரிக்கும் திண்டும் இல்லை. எட்டடிக்கு ஐந்தடி அறையின் தரை முழுவதும் ஒரே மட்டமாக, வடிகாலை நோக்கி மெல்லச் சரிந்து செல்கிறது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினாலும் அது அறை முழுவதும் பரவித்தான் வடியும். குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியான இங்கே ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்குகிறது. அது ஓய்ந்த கையோடு அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகிறது. ஆண்டில் பாதி நாட்களுக்குக் குளியலறைத் தரை காய்வதே இல்லை என்று சொன்னால் அது மிகையல்ல. இப்படிப்பட்ட ஓர் அறையில் டைல்களின் இடுக்குகளை எதைக் கொண்டு நிரப்புவது என்ற கேள்விக்கு விடை தேடி மூன்று மாதம் அலைந்தேன். டைல் இடுக்கை நிரப்பும் கலவைக்குக் கிரௌட் என்று பெயர். சிமெண்டால் ஆனது, எபாக்ஸி என்ற செயற்கைப் பிசினால் ஆனது என நான் வாங்கிய இருவகைக் கிரௌட்டும் இரண்டு ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கின்றன. அவற்றைப் பற்றிய என் கணிப்பை, வீடு கட்டுபவர்களுக்குப் பயன்படும் என்று நம்பி எழுதுகிறேன்.

மாடியில் இருக்கும் பழைய குளியலறையைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். அங்கே இடுக்குகளில் வைத்திருந்தது வெள்ளை சிமெண்ட். நம் ஊர்களில் கொத்தனார்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் முறைதான் அது: வெள்ளை சிமெண்டில் கொஞ்சம் நிறப்பொடியைக் கலந்து, தண்ணீர் விட்டுக் குழைத்து, துணியால் தேய்த்துவிடுவார்கள். ஓர் ஆண்டில் அது கறுத்தது. கறுப்பைப் போக்குவதற்காக வாரம் ஒருமுறை ஆசிட் ஊற்றிக் கழுவினோம். சிமெண்ட் என்பது அடிப்படையில் சுண்ணச்சத்து நிறைந்த பொருள். குளியலறை ஆசிடில் இருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதைக் கரைக்கிறது. கழுவிய அன்று இடுக்கு வெளுத்துத் தெரிந்ததற்குக் காரணம், மேலடுக்கு கரைந்து உள்ளடுக்கு வெளிப்பட்டதுதான். அது எங்களுக்கு அப்போது தெரியவில்லை. நான்கைந்து ஆண்டுகளில் வடிகாலைச் சுற்றி இடுக்குகள் விரல் நகம் நுழையும் அளவுக்குக் குழிந்தன. பிறகு சில டைல்களைத் தட்டினால் வெற்றொலி எழுந்தது. கடைசியாகக் கீழறையின் கூரையில் ஈரத்திட்டு தோன்றியது.

அந்த ஈரத்திட்டுக்கு இடுக்கு மட்டுமே காரணம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். டைலுக்கு அடியில் நீர்த்தடுப்புப் பூச்சே போடப்படவில்லை. எந்தக் கிரௌட்டும், அது எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், நீர்த்தடுப்பு அல்ல. இடுக்கை நிரப்புவதும், அழுக்கையும் தண்ணீரையும் பெருமளவு மேலேயே நிறுத்துவதும்தான் அதன் வேலை. தண்ணீர் கட்டடத்துக்குள் இறங்காமல் காக்க வேண்டியது டைலுக்கு அடியில் இருக்கும் பூச்சு. ஆகவே புதிய அறையில் முதலில் அதைச் செய்தோம்: சிமெண்டும் பால்போன்ற அக்ரிலிக் திரவமும் கலந்த இருபாகப் பூச்சைத் தரையில் முழுவதும், சுவரில் குளிக்கும் பக்கம் ஆறடி உயரம் வரையும் இரண்டு முறை பூசினோம். சுவரும் தரையும் சேரும் மூலைகளை முன்பே வளைவாக உருட்டிப் பூசியிருந்தோம். பூச்சு காய்ந்த பின் வடிகாலை அடைத்துத் தண்ணீர் நிறுத்தி இரண்டு நாள் பார்த்தோம். அந்த இரண்டு நாளைக் கொடுக்க மனமில்லாதவர்கள் கிரௌட்டைப் பற்றிக் கவலைப்படுவதில் பொருளில்லை.

இனி வாங்கிய பொருளைப் பற்றிச் சொல்கிறேன். மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும், கேரள எல்லைக்கு அப்பால் பாறசாலைப் பக்கத்திலும் கடைகளில் விசாரித்தேன். ரோஃப், லாட்டிகிரீட், வெபர் என்று பல நிறுவனங்களின் கிரௌட்டுகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு நிறுவனமும் சிமெண்ட் வகையையும் எபாக்ஸி வகையையும் விற்கிறது. கடைக்காரர்களில் பெரும்பாலோர் நிற அட்டையைத்தான் முதலில் நீட்டினார்கள். நிறத்தைக் கடைசியாகப் பார்க்கலாம். முதலில் பார்க்க வேண்டியது, பையிலோ நிறுவனத்தின் விவரத்தாளிலோ அச்சிட்டிருக்கும் வகை எழுத்துகளை. ஐஎஸ்ஓ 13007 என்ற பன்னாட்டுத் தரநிலையின் மூன்றாம் பகுதி கிரௌட்டுகளை இரண்டு பெரும் பிரிவாகப் பிரிக்கிறது: சிமெண்ட் வகைக்கு சிஜி, எபாக்ஸி போன்ற பிசின் வகைக்கு ஆர்ஜி. சிமெண்ட் வகைக்குள் சிஜி1 சாதாரணம், சிஜி2 மேம்பட்டது; அதன்பின் டபிள்யூ என்ற எழுத்து இருந்தால் நீரை உறிஞ்சுவது குறைவு என்றும், ஏ என்ற எழுத்து இருந்தால் தேய்மானத்தைக் கூடுதலாகத் தாங்கும் என்றும் பொருள்.

இந்த எழுத்துகளுக்குப் பின்னால் இருக்கும் எண்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் தெளிவாயிற்று. ஒரே அளவுள்ள சோதனைக் கட்டியை நான்கு மணி நேரம் தண்ணீரில் வைத்தால், சாதாரண சிமெண்ட் கிரௌட் 10 கிராம் வரை நீரை உறிஞ்சலாம் என்று தரநிலை அனுமதிக்கிறது. டபிள்யூ எழுத்துடன் கூடியது 5 கிராமைத் தாண்டக் கூடாது. பிசின் வகைக்கு அனுமதி வெறும் 0.1 கிராம். அழுத்தத்தைத் தாங்கும் வலிமையில் சிமெண்ட் வகைக்குக் குறைந்தபட்ச எல்லை 15 மெகாபாஸ்கல், பிசின் வகைக்கு 45. காயும்போது சுருங்கும் அளவில் சிமெண்ட் வகைக்கு மீட்டருக்கு 3 மில்லிமீட்டர் வரையும், பிசின் வகைக்கு அதில் பாதியும் அனுமதி. காயாத தரைக்கு எது பொருந்தும் என்பதை நீர் உறிஞ்சும் எண்ணே சொல்லிவிடுகிறது. உறிஞ்சிய தண்ணீரோடு சோப்பும் சீயக்காயும் எண்ணெயும் உள்ளே போகின்றன. அவற்றின் மேல்தான் பூஞ்சை வளர்கிறது. சனிக்கிழமை தோறும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வீட்டில் இதை அலட்சியம் செய்ய முடியாது.

விலையை மறைக்காமல் சொல்ல வேண்டும். சிமெண்ட் கிரௌட் கிலோ நூறு ரூபாயை ஒட்டி முடிந்துவிடுகிறது. எபாக்ஸி அதைப்போல் பல மடங்கு. வேலைக் கூலியும் கூடுதல். ஆனால் எவ்வளவு தேவை என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் அச்சம் குறையும். டைலின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, அவ்விரண்டின் பெருக்குத் தொகையால் வகுத்து, வந்த விடையை இடுக்கின் அகலத்தாலும் ஆழத்தாலும் 1.6 என்ற அடர்த்தி எண்ணாலும் பெருக்க வேண்டும். அளவுகள் எல்லாம் மில்லிமீட்டரில் இருந்தால், விடை ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்பதாக வரும். எங்கள் தரைக்கு 300க்கு 300 டைல், 3 மில்லிமீட்டர் இடுக்கு, 8 மில்லிமீட்டர் ஆழம். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 0.26 கிலோ. நாற்பது சதுர அடி, அதாவது 3.7 சதுர மீட்டர் தரைக்கு மொத்தமே ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதே தரையில் 100க்கு 100 சிறு டைல் பதித்திருந்தால் மூன்று மடங்கு ஆகியிருக்கும். சிறு டைலில் இடுக்குகள் மிகுதி. அதனால் கால் வழுக்காது, சரிவும் எளிதாக அமையும். எங்கள் அறைக்குச் சொரசொரப்பான மேற்பரப்புள்ள டைலே கிடைத்ததால் நடுத்தர அளவோடு நிறுத்திக்கொண்டோம். ஒரு குளியலறைத் தரைக்கு எபாக்ஸியால் கூடும் செலவு, பின்னாளில் டைலைப் பெயர்த்துத் திரும்பப் பதிக்கும் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது. முழு வீட்டின் தரைக்கும் எபாக்ஸி போடச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காய்ந்து கிடக்கும் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நல்ல சிமெண்ட் கிரௌட் போதும்.

ஆகவே தரை முழுவதற்கும், தண்ணீர் நேரடியாகத் தெறிக்கும் இரண்டு சுவர்களுக்கும் எபாக்ஸி. கைகழுவும் தொட்டி இருக்கும் சுவருக்கும் கதவுப் பக்கச் சுவருக்கும் சிஜி2 வகைச் சிமெண்ட் கிரௌட் என்று முடிவு செய்தேன்.

டைல் பதித்தவர் பாறசாலைப் பக்கத்துக்காரர். பத்து ஆண்டுகளுக்கு மேல் இந்த வேலையில் இருப்பவர். எபாக்ஸி என்றதும் அவர் முகம் மாறியது. “சேச்சி, எபாக்ஸி வேண்டாம், தொடச்சி எடுக்கதுக்குப் பெரிய பாடு” என்றார். அவர் தயங்கியதில் நியாயம் இருந்தது என்பதை வேலை நடந்தபோது பக்கத்தில் நின்று பார்த்து அறிந்தேன். எபாக்ஸி தண்ணீரில் குழைப்பதல்ல. நாங்கள் வாங்கிய பெட்டியில் பிசின், அதை இறுகச் செய்யும் திரவம், நிறமும் குவார்ட்ஸ் மணலும் கலந்த பொடி என மூன்று பாகங்கள் இருந்தன. இரண்டு திரவங்களும் சேர்ந்த கணத்திலிருந்து வேதிவினை தொடங்கிவிடுகிறது. அந்த வினையே வெப்பத்தை உண்டாக்குகிறது. வெப்பம் வினையை இன்னும் விரைவாக்குகிறது. கலவையைச் சட்டியில் குவித்து வைத்தால் அது தன் சூட்டிலேயே சீக்கிரம் இறுகிவிடும். உடனே எடுத்துப் பரப்ப வேண்டும். நம் ஊர் வெயில் நேரத்தில் கையாளக் கிடைக்கும் நேரம் பெட்டியில் அச்சிட்டிருப்பதைவிடக் குறைகிறது. நாங்கள் காலை ஏழு மணிக்கு வேலையைத் தொடங்கினோம். ஒரு தடவைக்கு ஒரு சிறு பெட்டிக்கு மேல் கலக்கவில்லை.

முதல் கலவையிலேயே ஒரு தவறு நேர்ந்தது. அவர் பழக்கத்தின் காரணமாகத் திரவங்களில் பாதியை மட்டும் கண்ணளவில் ஊற்றிக் கலந்தார். பிசினும் இறுக்கும் திரவமும் குறிப்பிட்ட விகிதத்தில் சேர்ந்தால்தான் வினை முழுமையடையும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கிரௌட் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். “தம்பி, இதை அளந்துதான் ஊற்ற வேண்டும், இல்லையென்றால் முழுப் பெட்டியையும் கலந்துவிடுவோம்” என்றேன். அந்தக் கலவையை ஒதுக்கிவிட்டுப் புதிய பெட்டியை முழுமையாகக் கலந்தோம். பொடியை மட்டும் சற்றுக் குறைத்துச் சேர்க்கலாம் என்று சில நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. திரவங்களில் அந்தச் சலுகை கிடையாது.

ரப்பர் தகட்டால் இடுக்குக்குள் அழுத்தித் தள்ளி, மேலே நின்றதைத் தகட்டைச் சாய்த்து வழித்தெடுத்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. கிரௌட் இறுகத் தொடங்கியும் முழுமையாக இறுகாமலும் இருக்கும் குறுகிய இடைவெளியில், சிறிது தண்ணீர் தெளித்து நைலான் நாரால் வட்டமாகத் தேய்த்து, பிறகு ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும். தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டும். அழுக்குத் தண்ணீரில் துடைத்தால் பிசின் படலம் டைலின் மேல் முழுவதும் பரவிவிடும். வழவழப்பான டைலில் இது எளிது. வழுக்காமல் இருக்க நாம் தேர்ந்தெடுக்கும் சொரசொரப்பான டைலிலோ படலம் குழிகளுக்குள் போய் ஒட்டிக்கொள்கிறது. வடிகாலுக்குப் பக்கத்தில் ஓரிடத்தில், மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடும் அவசரத்தில் சரியாகத் துடைக்காமல் விட்டதால், இரண்டு டைல்களில் பால் படிந்ததுபோன்ற மங்கல் நின்றுவிட்டது. மறுநாளே அதற்கான துடைப்புத் திரவத்தை வாங்கித் தேய்த்ததில் முக்கால்வாசி போயிற்று. மீதி இன்றும் வெளிச்சம் சாய்ந்து விழும்போது தெரிகிறது. ஒரு நாளுக்குள் கவனித்தால் எடுத்துவிடலாம்; ஒரு வாரம் கழித்து உணர்ந்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

கையுறை இல்லாமல் எபாக்ஸியைத் தொட யாரையும் விடாதீர்கள். இறுகாத பிசின் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு சிறு அளவு பட்டாலும் திரும்ப வரும். கூலிக்கு வேலை செய்பவர் கேட்கமாட்டார்; நாம்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

சிமெண்ட் கிரௌட் வாங்கிய அனுபவம் வேறு விதமானது. முதலில் வாங்கிய பாக்கெட்டைப் பிரித்தால் உள்ளே கட்டி கட்டியாக இருந்தது. தயாரிப்புத் தேதியைப் பார்த்தேன். பயன்படுத்த வேண்டிய காலம் முடிந்திருந்தது. இந்த ஈரக் காற்றில் பை சற்றே திறந்திருந்தாலும் பொடி நீரை இழுத்துக்கொண்டு இறுகிவிடுகிறது. திரும்பக் கொண்டுபோனபோது கடைக்காரர், “உடைச்சுக் கலக்கினா சரியாயிரும் டீச்சர்” என்றார், நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒருமுறை இறுகத் தொடங்கிய சிமெண்ட் உடைத்தாலும் வலிமை பெறாது. மாற்றித் தந்தார். கடையிலேயே பையை அழுத்திப் பார்த்து, தேதியைப் படித்து வாங்குவது நல்லது. கலக்கும்போது நிறுவனம் சொல்லும் தண்ணீர் அளவைத் தாண்டக் கூடாது. தண்ணீர் கூடினால் வேலை எளிதாகும். ஆனால் காய்ந்த பின் வலிமை குறைந்து, நிறம் திட்டுத்திட்டாகி, வெண்ணிற உப்புப் படியும். இடுக்கு 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் நுண்மணல் கலந்த வகையைக் கேளுங்கள். மணலில்லாத வகை அகன்ற இடுக்கில் சுருங்கி வெடிக்கும். வேலை முடிந்தபின் டைலில் படிந்த மங்கலை ஆசிட் ஊற்றிக் கழுவும் வழக்கத்தையும் நான் அனுமதிக்கவில்லை. புதிதாக வைத்த சிமெண்டை முதல் நாளே அரிப்பதற்கு அது சமம்.

மூலைகளில் இரண்டையும் வைக்கவில்லை. சுவரும் சுவரும், சுவரும் தரையும் சேரும் இடங்கள் வெப்பத்தாலும் ஈரத்தாலும் சிறிதளவு அசைந்துகொண்டே இருக்கும். இறுகிப்போன எந்தக் கிரௌட்டும் அங்கே ஒரு நாள் வெடிக்கும். அங்கே ரப்பர்போல் நெகிழ்ந்து கொடுக்கும், பூஞ்சையைத் தடுக்கும் மருந்து கலந்த குளியலறை சிலிக்கோனை வைத்தோம். புளிக்காடி வாசனை அடிக்கும் மலிவு வகையை வாங்காமல், வாசனை குறைந்த நடுநிலை வகையாகக் கேட்டு வாங்கினேன். முதல் வகை வெளிவிடும் அமிலம் சிமெண்ட் பரப்பில் பிடிப்பைக் கெடுக்கும்.

இரண்டு ஆண்டுக்குப் பின் நிலைமை இது. தரையின் எபாக்ஸி இடுக்குகள் வைத்த நாளின் சாம்பல் நிறத்திலேயே இருக்கின்றன. எண்ணெய்க் குளியலுக்குப் பின் சோப்புத் தண்ணீரில் தேய்த்தால் போதும். ஆசிட் பாட்டிலை நாங்கள் வாங்குவதையே விட்டுவிட்டோம். இந்தப் பகுதியின் கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் இரும்புச்சத்து டைலின் மேல் இளஞ்செம்மஞ்சளாகப் படிகிறது. இடுக்கின் மேலும் படிகிறது, ஆனால் துடைத்தால் வந்துவிடுகிறது, உள்ளே இறங்கவில்லை. ஜன்னலை ஒட்டி நேர்வெயில் விழும் ஒரு சாணளவு இடத்தில் மட்டும் நிறம் சற்று மஞ்சளித்திருக்கிறது. எபாக்ஸி பிசினுக்கு வெயில் ஆகாது என்பது தெரிந்ததே; வெள்ளை நிறம் வாங்கியிருந்தால் இது கண்ணை உறுத்தியிருக்கும். நடுத்தரச் சாம்பலைத் தேர்ந்ததில் மகிழ்ச்சி.

சிமெண்ட் கிரௌட் வைத்த இரண்டு சுவர்களில் இடுப்புக்கு மேலே ஒரு குறையும் இல்லை. தரையை ஒட்டிய முதல் வரிசை மட்டும் முதல் மழைக்காலத்திலேயே கறுக்கத் தொடங்கியது. தேய்த்தால் வெளுக்கிறது, மூன்று வாரத்தில் மீண்டும் கறுக்கிறது. படியில்லாத அறையில் தண்ணீர் எல்லாச் சுவரின் அடியையும் தொடும் என்பதை நான் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். நான்கு சுவர்களுக்கும் சேர்த்தே, 300க்கு 600 டைலில் 2 மில்லிமீட்டர் இடுக்குக்கு இரண்டு கிலோ எபாக்ஸிதான் ஆகியிருக்கும். தரையை ஒட்டிய அந்த ஒரு வரிசைக்கு அரைக் கிலோ கூடத் தேவைப்பட்டிருக்காது. அந்தச் சிறு தொகையை மிச்சம் பிடித்தது என் பிழை. மூலைச் சிலிக்கோனிலும் ஓரிடத்தில் கரும்புள்ளிகள் வந்திருக்கின்றன. அது சில ஆண்டுக்கு ஒருமுறை அறுத்தெடுத்து மாற்ற வேண்டிய பொருள்தான்.

வரும் மார்ச்சில், மழைக்கு முன் காய்ந்த நாட்களாகப் பார்த்து, அந்த அடிவரிசையின் சிமெண்டை மெல்லிய தகடு பூட்டிய கிரைண்டரால் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்காவது எடுத்துவிட்டு, தூசியை உறிஞ்சி, ஒரு வாரம் காயவிட்டு, எபாக்ஸி வைக்கப் போகிறோம். அதே டைல்காரரிடம் நாள் சொல்லியாயிற்று. இந்த முறை சிறு பெட்டியாக, முழுவதும் கலப்பதாக, மதியத்துக்கு முன் துடைத்து முடிப்பதாக அவரே சொன்னார்.